ட்ரங்குப் பெட்டியில் நடிகர் திலகம்: பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், இசைத்தட்டு காக்கும் முறை

சிவாஜி கணேசன் படங்களை முதல் வெளியீட்டில் பார்த்த தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. 1952 அக்டோபர் 17-ல், தீபாவளி அன்று ‘பராசக்தி’ வந்ததிலிருந்து அவர்கள் சேர்த்த பாட்டுப் புத்தகம் (படத்தின் பாடல் வரிகளை அச்சிட்ட சிறு புத்தகம்), பிட் நோட்டீஸ், பேப்பர் கட்டிங், ஸ்டில் (படக் காட்சியின் புகைப்படம்) எல்லாம் வீட்டுப் பரணிலும் ட்ரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன. ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இன்று இல்லை. சென்னை சாந்தி 2016-ல் மூடப்பட்டது. படம் எடுத்த கம்பெனிகளில் பலவற்றின் கணக்கு வழக்குகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது என்பதற்குப் பல இடங்களில் ரசிகர்கள் வெட்டி வைத்த தாள்தான் கடைசி சாட்சி. அந்தத் தாள் அழியாமல் இருக்க வேண்டும். அதன் தேதியும் விவரமும் சரியாக இருக்க வேண்டும். இரண்டுக்குமான வழிமுறைகள் இங்கே.

சொன்னதெல்லாம் சிவாஜி ரசிகர்களை மனதில் வைத்துத்தான். எம்.ஜி.ஆர்., ஜெமினி, ஜெய்சங்கர் ரசிகர்களின் பெட்டிக்கும் இதே முறை பொருந்தும். 1954-ன் ‘கூண்டுக்கிளி’ மாதிரி, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படத்தின் தாள் கிடைத்தால் இரு தரப்புக்குமே அது பொக்கிஷம்.

பெட்டியைத் திறக்கும் நாள்

மழை இல்லாத நாளாகப் பார்த்து, நிழலான திண்ணையிலோ காற்றோட்டமான அறையிலோ வெள்ளைத் துணி விரித்துத் திறக்க வேண்டும். வெயிலில் காயப் போடக் கூடாது. பழைய நியூஸ்பிரின்ட் மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், அமிலம் ஊறும், தாள் அப்பளமாக நொறுங்கும். ஒரு மதிய வெயில் பல வருட வேலையைச் செய்துவிடும்.

முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கையுறை வேண்டாம். துணிக் கையுறையில் விரலுக்கு உணர்ச்சி குறையும், தாள் ஓரம் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த கை போதும். ஸ்டில்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் மட்டும் நைட்ரில் கையுறை.

எதையும் வெளியே எடுக்கும் முன் பெட்டி இருக்கும் நிலையிலேயே மேலிருந்து போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கட்டையும் பிரிக்கும்போது மறுபடி ஒன்று. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேதி இல்லாத ஒரு கட்டிங், தேதி உள்ள இரண்டு கட்டிங்குகளுக்கு நடுவே இருந்தால் அந்த இடமே அதன் தேதிக்குத் துப்பு. ‘அழகாக அடுக்கலாம்’ என்று படவாரியாகக் கலைத்த நிமிடமே அந்தத் துப்பு போய்விடும்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: நல்ல நிலையில் உள்ளவை, பூச்சி அரித்தவை, ஈரமோ பூஞ்சையோ உள்ளவை. மூன்றும் ஒரே மேஜைக்கு வரக் கூடாது.

பூச்சியும் பூஞ்சையும்

பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் மேல்தோலைச் சுரண்டினாற்போல் வெள்ளைத் திட்டு இருந்தால் இராமபாணப் பூச்சி. பசையையும் மாவுப்பூச்சையும் அது விரும்பித் தின்னும். குண்டூசி முனை அளவுக்கு வட்டமான துளை பக்கம் பக்கமாக ஊடுருவிப் போனால் அது புத்தக வண்டு. மண் ஒட்டிய வழி தெரிந்தால் கரையான். கரையான் என்றால் தாளோடு நிறுத்தாமல் அலமாரியையும் சுவரையும் பார்க்க வேண்டும்.

பூச்சிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வைத்தியம் ஃப்ரீசர். தாள்களை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பையில் போட்டு மூடுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிதான் எட்டும் என்பதால் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் அறையில் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாள் மேல் அறைக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து மை ஊறிவிடும். ஸ்டில், இசைத்தட்டு, கேசட் இவற்றை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

பூஞ்சை என்றால் முதலில் உலர வேண்டும். மின்விசிறியை நேராகத் திருப்பாமல் அறையில் காற்று சுழலும்படி ஓரிரு நாள் விட்டு, தூள் காய்ந்த பிறகு மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் வெளியே தள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும்.

நாப்தலின் உருண்டை எல்லார் வீட்டிலும் போடுவதுதான். ஆனால் அந்த ஆவி மூடிய இடத்தில் பிளாஸ்டிக் உறைகளையும் கேசட் ஓடுகளையும் கெடுக்கும், மூச்சுக்கும் நல்லதல்ல. வசம்புத் துண்டுகளை மல்லுத்துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைப்பது பழைய முறை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலும் வசம்பு சேர்ந்த பூச்சிவிரட்டிப் பொடி பயன்பாட்டில் உண்டு. அது பூச்சியை அண்டவிடாது, உள்ளே இருப்பதைக் கொல்லாது. முடிச்சு தாளில் படாமல் இருக்கட்டும், எண்ணெய்க் கறை ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பின், டேப், மடிப்பு

பாட்டுப் புத்தகத்தின் நடுவில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் அட்டையோடு வரும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து வைத்து, பின்னின் இரண்டு கால்களுக்கும் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு நுழைத்து, மழுங்கிய கத்தியால் ஒவ்வொரு காலையும் நேராக நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி, முதுகுப் பக்கத்திலிருந்து பின்னை மெதுவாகத் தூக்கினால் கழன்றுவிடும். அதே துளை வழியே வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாக ஒரு முடிச்சு. புதிய பின் அடிக்காதீர்கள்.

செல்லோ டேப்தான் இந்தப் பெட்டிகளுக்கு வந்த பெரிய சாபம். கிழிந்த இடத்தைக் காப்பாற்ற ஒட்டியது, சில வருடத்தில் பசை தாளுக்குள் இறங்கி எண்ணெய்ப் பழுப்பாகி, மேல் ஏடு மட்டும் தானாக உதிரும். உதிர்ந்தால் எடுத்துவிடுங்கள். உதிராத டேப்பைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும், விட்டுவிடுவதே மேல். புதுக் கிழிசலுக்குக் கோதுமை மாவிலோ அரிசி மாவிலோ காய்ச்சிய மெல்லிய பசையும் டிஷ்யூ போன்ற ஜப்பான் தாளும் போதும். பசையில் மயில்துத்தம் கலக்காதீர்கள். அது தாளில் அமிலம் சேர்க்கும்.

நான்காக மடித்து வைத்த வால்போஸ்டரை ஒரே மூச்சில் விரித்தால் மடிப்பு முறியும். முதலில் பாதி விரித்து, இரண்டு வெள்ளை ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் மூன்று நான்கு கிலோ எடையும் வைத்து ஒரு வாரம். அப்புறம் மீதி. இஸ்திரிப் பெட்டி கிட்டேயே வரக் கூடாது.

லேமினேஷன் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரசிகர் மன்ற அலுவலகங்களில் மாட்டி வைக்க லேமினேட் செய்த பழைய விளம்பரங்கள் நிறைய. சூடும் பசையும் சேர்ந்து தாளை நிரந்தரமாகப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும், உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடரும், திரும்ப எடுக்க வழியே இல்லை. சுவரில் மாட்ட வேண்டுமானால் ஸ்கேன் செய்து அச்செடுத்த நகலை மாட்டுங்கள். அசல் பெட்டியில் இருக்கட்டும்.

உறை, பெட்டி, இடம்

உறை பாலியெஸ்டரிலோ பாலிபுரொப்பிலீனிலோ இருக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் கேட்டால் பி.வி.சி. உறையையும் சேர்த்துக் காட்டுவார்கள். புதிதாக இருக்கும்போதே மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நெடி அடித்தால் வாங்காதீர்கள். சில வருடத்தில் பி.வி.சி. பிசுபிசுத்து, அட்டையில் இருக்கும் வண்ணத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். ஸ்டில்களுக்கு ஒட்டும் பக்கமுள்ள ஆல்பம் அதைவிட மோசம்.

ஒரு உறையில் ஒரு பாட்டுப் புத்தகம். நியூஸ்பிரின்ட் கட்டிங்கை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், அதன் அமிலம் பக்கத்துத் தாளில் பழுப்பு நிழலாகப் பதியும். கட்டிங்குக்குப் பின்னால் அமிலமற்ற வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள். கிடைக்காத ஊரில் நல்ல ஏ4 ஜெராக்ஸ் தாளே உதவும். இன்றைய ஏ4 தாள்களில் பலவற்றில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது, அமிலத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் தாளுக்குச் சுகம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அறைக் காற்றே பெரும்பாலும் 70-க்கு மேல். எனவே காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் தேவை. 40 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் வைத்துத் தொடங்கி, உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்துப் பாருங்கள். 40-க்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், அளவுக்கு மீறி உலர்ந்த தாள் மடிப்பில் முறியும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நீல நிறத்ததில் கோபால்ட் உப்பு உண்டு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேண்டாம். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் அவனில் வைத்தால் மறுபடி பயன்படும்.

பரணில் வைக்காதீர்கள். கான்கிரீட் கூரைக்கு அடியில் சித்திரை வெயில் அப்படியே இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவிலும் வேண்டாம், ஐப்பசி மழையில் சுவர் வியர்க்கும். தரையிலிருந்து குறைந்தது இரண்டு அடி உயரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளங்களுக்கு என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும்.

தேதி கண்டுபிடிப்பது

பாதுகாப்பைவிடப் பிழைகள் மலிந்த இடம் இது. பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலும் வெளியீட்டுத் தேதி இருக்காது. ஆனால் தாளே பல சாட்சிகளைச் சுமந்துகொண்டிருக்கும்.

முதலில் விலை. இந்தியாவில் தசம நாணயம் 1957 ஏப்ரல் 1-ல் வந்தது. விலை அணாவில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆயிற்று. இதனால் ஒரே வருடத்துக்குள்ளேயே பிரித்தறியலாம்: ‘கர்ணன்’ 1964 ஜனவரி 14-ல் வந்த படம், ‘நவராத்திரி’ அதே வருடம் நவம்பர் 3. ‘நவராத்திரி’ புத்தகத்தில் ‘ந.பை.’ இருந்தால் அது பழக்கதோஷத்தில் அச்சுக்காரர் விட்டது. ‘கர்ணன்’ புத்தகத்தில் வெறும் ‘பைசா’ இருந்தால் மறுபதிப்போ என்று ஒரு கேள்வி எழ வேண்டும். விலை ‘சதம்’ என்றிருந்தால் இலங்கைப் பதிப்பாகப் பாருங்கள். இந்திய, இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’ (1978) போன்றவற்றைத் தேடுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

அடுத்து கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சக முகவரி. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் அமலுக்கு வந்தது. ‘சென்னை-600 002’ என்று ஆறு இலக்கம் இருந்தால் அந்தத் தாள் அதற்குப் பிந்தியது, சந்தேகமே இல்லை. ‘சென்னை-2’ என்று இருந்தால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது, பல அச்சகங்கள் வருடக்கணக்கில் பழைய அச்சையே ஓட்டின. இருந்தால் சாட்சி, இல்லாமையைச் சாட்சியாக்காதீர்கள். தேதி பார்க்கும் எல்லாக் குறிகளுக்கும் இதுவே விதி.

எழுத்து வடிவமும் அப்படித்தான். 1978-ல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது. இன்றைய வடிவத்தில் ‘லை’, ‘னை’, ‘றா’ அச்சான ஒரு ‘பாசமலர்’ பாட்டுப் புத்தகம் 1961-ன் முதல் பதிப்பாக இருக்க வாய்ப்பில்லை. பழைய வடிவ எழுத்தோ எண்பதுகளிலும் தொடர்ந்தது.

பட்டங்கள் மிக நல்ல அளவுகோல். பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, செவாலியே 1995. ‘திருவிளையாடல்’ வந்தது 1965 ஜூலை 31. அந்தப் படத்தின் போஸ்டரில் ‘பத்மஸ்ரீ சிவாஜி கணேசன்’ என்று இருந்தால் அது மறுவெளியீட்டுப் போஸ்டர், விற்பவர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும்.

பேப்பர் விளம்பரத்தில் நாள் எண்ணிக்கை போட்டிருக்கும். வெளியான நாள் முதல் நாள் என்பதால் ‘100-வது நாள்’ விளம்பரத்திலிருந்து 99 நாள் பின்னே போனால் வெளியீட்டுத் தேதி. ‘திருவிளையாடல்’ 31-7-1965 என்றால் 100-வது நாள் 7-11-1965. பலர் நூறைக் கழித்து ஒரு நாள் தவறவிடுகிறார்கள். கிழமையை வைத்துச் சட்டென்று சரிபார்க்கலாம்: 50-வது நாள் படம் வெளியான அதே கிழமையில் விழும். 100-வது நாள் அதற்கு அடுத்த கிழமையில், 175-வது நாள் அதற்கு முந்தின கிழமையில். ‘திருவிளையாடல்’ சனிக்கிழமை வந்தது, அதன் 100-வது நாள் ஞாயிறு. கிழமை ஒத்துவராவிட்டால் இரண்டில் ஒரு தேதி தப்பு, அல்லது விளம்பரம் முந்தின நாளே அச்சானது.

கட்டிங்கின் பின்பக்கத்தையும் படியுங்கள். அரிசி விலை, கிரிக்கெட் ஸ்கோர், தேர்தல் செய்தி என்று ஏதாவது ஒன்று தேதியைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் கட்டிங்கை நோட்டில் பசை போட்டு ஒட்டக் கூடாது.

தேதி மட்டும் வைத்து அடுக்கினால் சிவாஜி ரசிகர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே நாளில் அவர் படம் இரண்டு வந்த நாட்கள் பல. 26-8-1954-ல் ‘கூண்டுக்கிளி’, ‘தூக்கு தூக்கி’. 3-11-1964-ல் ‘நவராத்திரி’, ‘முரடன் முத்து’. 1-11-1967-ல் ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’. 29-10-1970-ல் ‘எங்கிருந்தோ வந்தாள்’, ‘சொர்க்கம்’. எனவே தேதியோடு அ, ஆ என்று ஓர் எழுத்தும் சேர்த்து எண் கொடுங்கள். நூறாவது படம் என்று விளம்பரமானது ‘நவராத்திரி’, இருநூறாவது ‘திரிசூலம்’ (27-1-1979). வரிசை எண் போடும்போது இந்த இரண்டு இடத்திலும் உங்கள் பட்டியல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கௌரவ வேடப் படங்களையோ வேற்றுமொழிப் படங்களையோ எண்ணியதில் வித்தியாசம் வந்திருக்கும்.

ஓட்டக் கணக்கு

ரசிகர்கள் மூன்று தலைமுறையாகச் சண்டை போடும் விஷயம். தீர்க்க ஒரே வழி, ஒவ்வொரு தியேட்டருக்கும் தனி வரி எழுதுவது: ஊர், தியேட்டர், தொடங்கிய தேதி, எடுத்த தேதி, தினசரி எத்தனை காட்சி, ஆதாரத் தாளின் எண். மொத்தமாக ‘100 நாள் படம்’ என்று எழுதிவிட்டால் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

மூன்று குழப்பங்களைப் பிரித்து வையுங்கள். ஒன்று ஷிஃப்டிங்: படம் ஒரு தியேட்டரிலிருந்து எடுக்கப்பட்டு இன்னொன்றில் தொடர, விளம்பரம் நாளைச் சேர்த்தே எண்ணும். இரண்டு, ரெகுலர் காட்சி முடிந்து பகல் காட்சி மட்டும் ஓடும் நாட்கள். மூன்று, பல தியேட்டர் நாட்களைக் கூட்டிச் சொல்லும் இணைந்த ஓட்டம். மூன்றுமே உண்மையான ஓட்டம்தான், ஆனால் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. நம் நடிகரின் கணக்கை நாமே ஊதிவிட்டால், அசலான வெள்ளிவிழாவையும் (175 நாள் ஓட்டம்) எதிர்த் தரப்பு நம்பாது. எடுத்த தேதிக்கு விளம்பரம் இருக்காது, அதே தியேட்டரில் அடுத்த படத்தின் ‘இன்று முதல்’ விளம்பரம்தான் ஆதாரம். எனவே வேறு நடிகர் பட விளம்பரத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

அசலா நகலா

பழைய போஸ்டர் என்று விற்கப்படுவதில் மறு அச்சு நிறைய. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ வடிவில் கூடியிருக்கும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் தெளித்தாற்போல் சிதறிக் கிடக்கும். அசலின் மடிப்பை விரலால் தடவினால் நார் எழும்பியிருக்கும், மை உதிர்ந்திருக்கும். நகலில் மடிப்பே படமாக அச்சாகி வழவழவென்று இருக்கும். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஐம்பதுகளின் மலிவுத் தாள் மங்கலாகவே இருக்கும், நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். இது துணைச் சாட்சி மட்டுமே. ‘கர்ணன்’ வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி வந்தபோது அச்சான போஸ்டர்களும் சந்தையில் உண்டு. அவையும் சேர்க்கத் தக்கவைதான், 2012 என்று எழுதி.

இசைத்தட்டு, கேசட்

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கு. ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் அரக்கு கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பு. நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. வினைல் எல்.பி.க்கும் இதுவே போதும். தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், சாய்த்தால் வளையும், படுக்க அடுக்கினால் அடியில் உள்ள அரக்குத் தட்டு விரிசல் விடும். ஊசியை மாற்றாமல் இரண்டையும் போடாதீர்கள். 78-க்கு சுமார் 76 மைக்ரான் முனை, எல்.பி.க்கு 18 முதல் 25 மைக்ரான். மெல்லிய ஊசி 78-ன் பள்ளத்தில் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்றவற்றின் கதை வசனத் தட்டுகளை ஒருமுறை நல்ல பிளேயரில் ஓட்டி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துவிட்டு ஓய்வு கொடுங்கள். கேசட்டில் நாடாமேல் வெள்ளைத் தூள் தெரிந்தால் ஓட்ட வேண்டாம், பூஞ்சை ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

ஸ்கேன்

பிளாட்பெட் ஸ்கேனர் வேண்டும், தாளை இழுக்கும் ஃபீடர் வகை ஆகாது. எழுத்துப் பக்கத்துக்கு 300 டி.பி.ஐ., அட்டைக்கும் ஸ்டில்லுக்கும் 600. கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், தாளின் பழுப்பும் கறையும் பிற்காலத்தில் சாட்சி. மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். ஏ5 அளவுப் பக்கம் ஒன்று 600 டி.பி.ஐ. வண்ணத்தில் டிஃப் கோப்பாகச் சுமார் 50 எம்.பி. ஆக 1 டெராபைட் டிஸ்கில் ஏறத்தாழ 19,000 பக்கம் அடங்கும். புள்ளிகளை மழுக்குவது, வண்ணம் திருத்துவது எல்லாம் ஜேபெக் நகலில் மட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் அனுப்பியது பிரதி ஆகாது, அது படத்தைச் சுருக்கிவிடும்.

பாடல் வரிகளுக்கு, கவிஞர் மறைந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. அட்டையையும் விளம்பரத்தையும் ஆய்வுக்குப் பகிரலாம். புத்தகத்தை முழுதாக மறு அச்சடித்து விற்பது வேறு விவகாரம்.

பதிவேடும் ஒப்படைப்பும்

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். 2பி பென்சிலால் பின்பக்க மூலையில் லேசாக எழுதுங்கள். ஸ்டில்லின் பின்னால் பால்பாயின்ட் பட்டால் முகத்தில் மேடு தெரியும். பதிவேட்டில் எண், படம், வகை, தேதி, அந்தத் தேதிக்கு ஆதாரம், அச்சகம், நிலை, யாரிடமிருந்து வந்தது. ‘ஆதாரம்’ பத்தியில் நீங்கள் ஊகித்ததை ‘ஊகம்’ என்றே எழுதுங்கள்.

இந்தப் பெட்டிகள் காணாமல் போவது பெரும்பாலும் உரியவர் காலமான முதல் மாதத்தில், வீட்டை ஒழிக்கும்போது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு அது பழைய பேப்பர். எனவே பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: உள்ளே என்ன, ஏன் எடைக்குப் போடக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும், ஸ்கேன் எங்கே. இரண்டு பேர் பெயராவது இருக்கட்டும், ஒருவர் உங்களைவிட இருபது வயதாவது இளையவராக.

நூலகத்துக்குத் தருவதானால் உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் சினிமாத் தாள்களையும் மதித்துப் பாதுகாக்கும் இடம். எந்த நூலகமானாலும் மூட்டையோடு வாசலில் போய் நிற்காமல் முதலில் பதிவேட்டின் நகலை அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது எது, இல்லாதது எது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தரும்போது எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும்: தொகுப்பைப் பிரிக்கலாமா, இரட்டைப் பிரதியை என்ன செய்வது, ஸ்கேன் யாருக்குக் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் புத்தகங்களைச் செங்குத்தாக அடுக்கி, இடைவெளியில் கசக்கிய வெள்ளைத் தாள் திணித்து, ஒரு பெட்டி 10 கிலோவுக்கு மேல் போகாமல் கட்டுங்கள். பார்சலில் போடாமல் நேரில் கொண்டுபோய், எண் சரிபார்த்து ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.